போருக்கு முந்தைய அமெரிக்கத் தெற்கின் குடும்பக் கடிதங்களை வாசிப்பது எப்படி?

"இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல்." வீட்டுப் பரணில் பழைய கடிதக் கட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். எழுதியவருக்கு அன்றைக்குக் கடும் காய்ச்சலே இருந்தாலும் கடிதம் இப்படித்தான் தொடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுதப்பட்ட குடும்பக் கடிதங்களுக்கும் இதுபோல் ஒரு தொடக்க வாய்பாடு உண்டு. பேனாவைக் கையில் எடுத்தேன், கடவுளின் கிருபையால் இப்போதைக்கு நலமாயிருக்கிறேன், இந்தச் சில வரிகள் வந்து சேரும்போது நீங்களும் அதே நலத்தோடு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எழுத்துப் பழக்கம் குறைந்தவர்கள் இதை அப்படியே எழுதினார்கள். நிறையப் படித்தவர்கள் சொற்களை மாற்றிக்கொண்டார்கள், பொருளை மாற்றவில்லை.

புதிதாக வாசிக்க வருபவர் இந்த வரியைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிவிடுவார். தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த 'இப்போதைக்கு' என்ற ஒரு சொல்லில்தான் அந்தக் காலம் முழுவதும் இருக்கிறது. கடிதம் போய்ச் சேருவதற்குள் எழுதியவரோ பெற வேண்டியவரோ இறந்துபோவது அன்று நடக்கக்கூடிய காரியம். ஆகவே 'நலம்' என்பதே அந்தக் கடிதத்தின் முதல் செய்தி.

முதலில் காலத்தையும் இடத்தையும் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-இல் தொடங்கி 1865-இல் முடிந்தது. அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளை 'போருக்கு முன்' என்று பொருள்படும் 'ஆன்டிபெல்லம்' என்ற லத்தீன் சொல்லால் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். தெற்கு என்றால் வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா போன்ற, அடிமை முறை சட்டப்படி நடந்த மாநிலங்கள். 1860-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் ஏறத்தாழ 39.5 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்த ஊர்களிலிருந்து வந்த எந்தக் குடும்பக் கடிதத்தையும் முழுமையாக வாசிக்க முடியாது. அம்மா மகனுக்கு எழுதிய மிக மென்மையான கடிதமாக இருந்தாலும் அதை எழுதிய மேசையைத் துடைத்தவர் யார் என்ற கேள்வி உடன் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, காகிதம். 1845 வரை தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 400 மைலுக்கு மேல் போகும் ஒற்றைத் தாளுக்கு 25 சென்ட். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகிவிடும். அதனால் எழுதிய தாளையே மடித்து, அரக்கு முத்திரை வைத்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதினார்கள். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பிப் பிடித்து, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதினார்கள். பார்ப்பதற்குப் பின்னல் கூடை போலிருக்கும் அந்தப் பக்கங்களை வாசிக்கக் கண்ணுக்குச் சற்றுப் பயிற்சி வேண்டும். கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே கட்டினார். 1847-இல் நாடு தழுவிய தபால்தலை வந்தது. 1851-இல் முன்பணம் கட்டிய சாதாரணக் கடிதத்துக்கு மூன்று சென்ட் போதும் என்றானது. 1850-களின் கடிதங்கள் நீளமாகவும் அடிக்கடியும் வருவதற்கு இது பெரிய காரணம். எழுதும் ஆசை திடீரென்று கூடிவிடவில்லை, செலவு குறைந்தது.

நோய்

இந்தக் கடிதங்களில் நோய் வராத பக்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குளிரும் காய்ச்சலும் முறை வைத்து வந்து போகும் மலேரியா, காசநோய், தட்டம்மை, ஸ்கார்லெட் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல். இவற்றோடு கொள்ளைநோய்கள் வேறு. 1853-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மஞ்சள் காய்ச்சல் ஏறத்தாழ 8,000 பேரைக் கொன்றது. 1855-இல் அது வர்ஜீனியாவின் நார்ஃபோக், போர்ட்ஸ்மவுத் துறைமுகங்களுக்கு வந்தது.

மருத்துவர்களிடம் இருந்தது கொஞ்சம்தான். நாளத்தைக் கீறி இரத்தம் எடுப்பார்கள். தோலில் கொப்புளம் எழுப்புவார்கள். காலமெல் என்ற பாதரச உப்பைக் கொடுத்துப் பேதியாக்குவார்கள். இவற்றில் பல, நோயாளியை மேலும் வலுவிழக்கச் செய்தன. உண்மையில் பயன் தந்த மருந்து குயினைன். 1820-இல் பாரீஸில் சின்கோனா பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அதன் பெயர் மலேரியாப் பகுதிகளின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் காய்ச்சல் எப்படி வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். மலேரியாவுக்குக் கொசுவே காரணம் என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான்.

காரணம் தவறு என்றாலும், அந்த நம்பிக்கை வாழ்க்கையையே ஒழுங்குபடுத்தியது. ஜார்ஜியாவின் கடலோரத்தில் லிபர்ட்டி கவுன்ட்டி என்ற பகுதி. அங்கே பிரஸ்பிட்டேரியன் போதகர் சார்ல்ஸ் கோல்காக் ஜோன்ஸ் குடும்பத்துக்கு மூன்று பண்ணைகள் இருந்தன. குளிர்காலத்தில் நெல்லும் பருத்தியும் விளையும் மான்டிவிடியோ பண்ணையில் இருப்பார்கள். வெயில் காலம் வந்ததும் கடற்காற்று வீசும் மேபேங்க் பண்ணைக்குக் குடிபெயர்வார்கள். கடிதத்தின் தலைப்பில் இருக்கும் இடப்பெயரைப் பார்த்தே அது எந்தப் பருவம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சதுப்பைவிட்டு விலகினால் காய்ச்சல் குறையும் என்பது அனுபவத்தில் சரியாகவும் இருந்தது. நெல் வயலில் வேலை செய்த அடிமை மக்களோ அந்த மாதங்களிலும் சதுப்பிலேயே இருந்தார்கள். கோடை இடமாற்றம் பற்றி மகிழ்ச்சியாக எழுதப்பட்ட வரிகளை வாசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஜோன்ஸ் குடும்பத்தின் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு பெரும் தொகுதி 1972-இல் அச்சாகி வெளிவந்தது. அப்பா போதகர், அம்மா மேரி பண்ணையை நடத்துபவர், மூத்த மகன் சார்ல்ஸ் சவானா நகரில் வழக்கறிஞர், இளைய மகன் ஜோசஃப் மருத்துவர், காய்ச்சல்களை ஆராய்ந்தவர், மகள் மேரி ஷார்ப் ஒரு போதகரை மணந்தவர். ஒரே வீட்டில் மருத்துவம், சட்டம், சமயம் மூன்றும் இருந்ததால் இந்தக் கடிதங்கள் புதிய வாசகருக்கு நல்ல நுழைவாயில்.

நம்பிக்கை

தெற்கின் கடிதங்களில் பக்திச் சொற்கள் நிரம்பி வழிவதைப் பார்த்து இன்றைய வாசகர் சலித்துப்போகலாம். அவர்களுடைய காலத்திலிருந்து பார்த்தால் அதற்கு ஒரு தர்க்கம் உண்டு. 1801-இல் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் நடந்த பெருங்கூட்டம் போன்ற எழுப்புதல் கூட்டங்களால் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள் ஊர் ஊராகப் பரவின. மனமாற்றம் என்பது ஒவ்வொருவரும் தனியாக அடைய வேண்டிய அனுபவம் என்று அந்தச் சபைகள் போதித்தன. ஞானஸ்நானம் பெற்றால் மட்டும் போதாது, 'உன் ஆத்துமா தயாராக இருக்கிறதா' என்ற கேள்விக்கு அவரவரே விடை சொல்ல வேண்டும். குழந்தைகள் திடீர் திடீரென்று இறக்கும் நாட்டில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியுமா? அதனால்தான் கல்லூரியில் படிக்கும் மகனுக்கு அம்மா எழுதும் கடிதத்தில் கம்பளிச் சட்டை பற்றிய விசாரிப்புக்கு அடுத்த வரியிலேயே ஆத்துமா பற்றிய விசாரிப்பும் வருகிறது.

மரணத்தை அறிவிக்கும் கடிதம் தனி வகை. ஓரங்களில் கறுப்புக் கரையிட்ட தாள், கறுப்பு அரக்கு. கையில் வாங்கும்போதே செய்தி தெரிந்துவிடும். உள்ளே, இறந்தவரின் கடைசி மணிநேரங்கள் விரிவாக எழுதப்பட்டிருக்கும். யார் அருகில் இருந்தார்கள், என்ன பேசினார், எந்தப் பாடலைக் கேட்டார், பயந்தாரா அமைதியாக இருந்தாரா. தொலைவில் இருந்தவர்களுக்கு இந்த விவரங்கள் அவசியமாக இருந்தன. அமைதியான மரணம் மீட்புக்கு அடையாளம், மறுமையில் மறுபடி சந்திப்போம் என்பதற்கு ஆதாரம். உண்மையிலேயே அமைதியாக இறந்தாரா, எழுதியவர் ஆறுதலுக்காக அப்படி எழுதினாரா என்று நாம் கேட்கலாம். பல கடிதங்களில் இரண்டும் கலந்திருக்கும். 1861 ஜூலையில், போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகியிராத நிலையில், வழக்கறிஞர் சார்ல்ஸ் தன் சின்னஞ்சிறு மகளையும் மனைவியையும் சில நாள் இடைவெளியில் இழந்தார். சவானா நகரின் மேயர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர், கூடப் பிறந்தவர் மருத்துவர். ஒன்றும் உதவவில்லை.

கல்வி

கற்பித்தல் பற்றிய பேச்சு இந்தக் கடிதங்களில் பல வடிவங்களில் வரும். வடக்கிலிருந்து வந்த வீட்டு ஆசிரியர்கள், பெண்களுக்கான பள்ளிகள், சம்பளம் சரியாக வராத கிராமப் பள்ளி ஆசிரியர்களின் புலம்பல். ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் பெண்களுக்குப் பட்டம் தரும் கல்லூரிக்கு 1836-இலேயே அனுமதி கிடைத்திருந்தது. இவற்றை விரைவாகக் கடந்து, எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றமாக இருந்த நாடு அது. ஜார்ஜியா 1829-இல் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தடை செய்தது. வட கரோலினா 1830-இல் அதையே செய்தபோது, எண் கணக்கு கற்பிப்பதை மட்டும் விட்டுவைத்தது. 1832-இல் அலபாமா இயற்றிய சட்டம், அடிமைகளுக்கோ சுதந்திரமான கறுப்பினத்தவருக்கோ எழுத்துக்கூட்டவோ வாசிக்கவோ எழுதவோ கற்பிக்க முயல்பவருக்கு 250 முதல் 500 டாலர் வரை அபராதம் விதித்தது. நார்ஃபோக்கில் சுதந்திரமான கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய மார்கரெட் டக்ளஸ் என்ற வெள்ளைப் பெண்மணி 1854-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார்.

இங்கேதான் நோய், கல்வி, நம்பிக்கை மூன்றும் ஒரே முடிச்சாகின்றன. மரணம் அருகிலேயே நிற்கிறது, ஆகவே ஆத்துமாவைத் தயார்செய்ய வேண்டும். தயார்செய்ய வேதாகமத்தை வாசிக்க வேண்டும் என்பது புராட்டஸ்டண்ட் நம்பிக்கையின் அடிப்படை. வாசிப்பதோ லட்சக்கணக்கானவர்களுக்குச் சட்டத்தால் மறுக்கப்பட்டிருக்கிறது. ஜோன்ஸ் போதகர் இதற்கு ஒரு வழி கண்டார். எழுத்தே இல்லாமல் வாய்வழியாகக் கற்பிப்பது. அவர் கேள்வி கேட்பார், கூடியிருக்கும் அடிமை மக்கள் விடையைச் சேர்ந்து சொல்வார்கள். இதற்காகவே ஒரு வினாவிடை நூலும் எழுதினார். எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பாடமும் அதில் இருந்தது. அடிமைகளின் அப்போஸ்தலர் என்றே அவரை அழைத்தார்கள். அவர் மனதார நம்பித்தான் அதைச் செய்தார் என்பது அவருடைய கடிதங்களை வாசிக்கும் எவருக்கும் விளங்கும். விளங்கும்போது வேதனையும் கூடுகிறது. மனதார நம்பிய ஒருவர் அடுத்து என்ன செய்தார் என்பதும் அதே கடிதக் கட்டில் இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முன் வேறொரு குடும்பத்தைச் சந்திக்க வேண்டும்.

வர்ஜீனியாவின் ப்ரேமோ பண்ணையின் உரிமையாளர் ஜான் ஹார்ட்வெல் காக் தன் அடிமைகளில் சிலரை வாசிக்கக் கற்கவிட்டவர். அவர்களைத் தயார்செய்து விடுதலை கொடுத்து ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். கல்தச்சரான பெய்டன் ஸ்கிப்வித் 1833-இல் மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் அப்படிக் கப்பலேறினார். ஓராண்டுக்குள் மனைவியும் ஒரு குழந்தையும் இறந்தார்கள். பெய்டனுக்கு இரவில் கண் தெரியாமல் போனது. மன்ரோவியா நகரிலிருந்து அவர் காக்குக்கு எழுதிய கடிதங்களில் துயரம் இருக்கிறது, கடவுளுக்கு நன்றி இருக்கிறது, பண்ணையில் விட்டுவந்த தாய் தந்தைக்கு அன்பைச் சொல்லச் சொல்லும் வேண்டுகோளும் இருக்கிறது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதை ஒருகாலத்தில் தன்னை உடைமையாக வைத்திருந்தவர் வழியாகச் சொல்ல வேண்டிய நிலை. இத்தகைய கடிதத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு 'நன்றியுள்ளவர்' என்று முடிவுகட்டுவது அவசரம். முதலில் யார் கையில் அது பிரிக்கப்படும் என்பதை மனத்தில் வைத்தே அவர் ஒவ்வொரு வரியையும் எழுதினார்.

அதே குடும்பத்தின் லூசி ஸ்கிப்வித், காக்குக்குச் சொந்தமான அலபாமா பண்ணையில் அடிமையாக இருந்தார். 250 டாலர் அபராதச் சட்டம் இருந்த அந்த மாநிலத்தில், அந்தப் பண்ணையின் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். யாருக்கு எந்த நோய், எந்தப் பிள்ளை எவ்வளவு வாசிக்கிறது, பிரார்த்தனைக் கூட்டம் எப்படி நடந்தது என்றெல்லாம் வர்ஜீனியாவில் இருந்த உரிமையாளருக்கு எழுதிவந்தார். நோய், கல்வி, நம்பிக்கை மூன்றையும் ஒரே தாளில் எழுதிய அடிமைப் பெண்ணின் கையெழுத்து இன்றும் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. தெற்கின் கடிதங்களை வாசிக்கத் தொடங்குபவர் யாரிடமிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், பண்ணை எஜமானிகளுக்கு முன் லூசியைத்தான் சொல்வேன்.

ஃபீபியின் கடிதம்

இனி லிபர்ட்டி கவுன்ட்டிக்குத் திரும்புவோம். ஜோன்ஸ் பண்ணையில் ஃபீபி, கேசியஸ் என்ற தம்பதி அடிமைகளாக இருந்தார்கள். 1856-இல் ஃபீபியின் மகள் ஜேன் பண்ணையிலிருந்து தப்பி சவானாவுக்குப் போனாள். கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பின் அந்தக் குடும்பத்தையே விற்றுவிடுவது என்று போதகர் முடிவெடுத்தார். குடும்பத்தைப் பிரிக்காமல் விற்க வேண்டும் என்ற அக்கறையோடு அப்பாவும் வழக்கறிஞர் மகனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. கண்ணியமான நடை, கவலை தோய்ந்த சொற்கள். ஆனால் ஃபீபியின் மூத்த மகள் கிளாரிசா போன்ற நெருங்கிய உறவுகள் லிபர்ட்டி கவுன்ட்டியிலேயே விடப்பட்டார்கள். பிரிக்காமல் விற்பது என்பதன் எல்லை அவ்வளவுதான்.

1857 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஃபீபியும் கேசியஸும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். அது லிபர்ட்டி கவுன்ட்டியின் ஒரு வெள்ளையர் பெயருக்கு வந்தது. கிளாரிசாவிடமும் நான்சியிடமும் இதைச் சொல்லுங்கள் என்று தொடங்குகிறது. ஜனவரி முதல் நாள் சவானாவை விட்டோம், இப்போது நியூ ஆர்லியன்ஸில் இருக்கிறோம், பிப்ரவரி முதல் நாள் ஜேன் இறந்துவிட்டாள். என்ன நோய் என்று தெரியவில்லை, நுரையீரலைச் சுற்றிய உறையில் அழற்சி என்று சில மருத்துவர்கள், காசநோய் என்று வேறு சிலர். குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தது, இப்போது எல்லோரும் நலம். எங்களை வன்மத்தால் விற்றார்கள், ஆனாலும் அது எங்கள் நன்மைக்கே ஆகட்டும் என்று நம்புகிறோம்.

அதன் பிறகு பெயர்கள். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், அத்தை, கேசியஸின் சகோதரர், அவர் மனைவி, இன்னும் பலர். இவர் இவருக்கு அன்பைச் சொல்கிறார், அவர் அவரை விசாரிக்கிறார். முதல்முறை வாசித்தபோது அந்தப் பட்டியலை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். இரண்டாம் முறைதான் உறைத்தது. அது ஒரு குடும்ப மரம். சட்டம் அவர்களுடைய திருமணத்தை அங்கீகரிக்கவில்லை. உறவுமுறைகளைப் பதிவு செய்ய அரசு அலுவலகம் எதுவும் இல்லை. அந்தத் தாயின் கையில் இருந்த ஒரே பதிவேடு இந்தத் தாள்தான். நான் போனபின் நடந்தவை அனைத்தையும் எழுதுங்கள் என்று கேட்கிறார். ஒரு வீடு கிடைக்கும்வரை சொல்ல வேறொன்றும் இல்லை என்று முடிக்கிறார். விற்பனைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர் எழுதிய வரி அது.

அந்தக் கடிதம் ஜோன்ஸ் குடும்பத்துத் தாள்களுக்குள் சேர்ந்ததால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. விற்றவர்கள் பாதுகாத்த கட்டில் விற்கப்பட்டவர்களின் குரல் ஒன்றிரண்டு தாள்களாகக் கிடக்கிறது. ஆகவே எந்தத் தொகுப்பைத் திறந்தாலும் கடிதம் எழுதியவர் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். உள்ளே வரும் முதற்பெயர்களை, குடும்பப் பெயர் இல்லாமல் வருபவர்களை, ஒரு தாளில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சமையல் செய்தவர், குழந்தையைத் தூக்கியவர், காய்ச்சலில் கிடந்தவரின் படுக்கையருகில் விழித்திருந்தவர், தபால் அலுவலகத்துக்கு நடந்துபோய்க் கடிதம் வாங்கிவந்தவர் எல்லோரும் அப்படித்தான் ஒரு வரியில் வந்து மறைவார்கள். பத்துக் கடிதம் வாசித்தபின் அந்தத் தாளைப் பாருங்கள். அதே பெயர் மூன்றாம் முறை வந்திருந்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை உருப்பெறத் தொடங்கியிருக்கும். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்திலும் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய குடும்பத் தாள்கள் பெருமளவில் பாதுகாக்கப்படுகின்றன.

போர் முடிந்து, அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தபின், ஃபீபியின் பட்டியலைப் போன்ற பட்டியல்கள் அச்சில் வரத் தொடங்கின. அம்மாவைத் தேடுகிறேன், அண்ணனைத் தேடுகிறேன், கடைசியாகப் பார்த்தபோது அவருடைய எஜமானின் பெயர் இது, விற்ற ஊர் இது என்று விடுதலை பெற்றவர்கள் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். நியூ ஆர்லியன்ஸில் மெதடிஸ்ட் சபையினர் நடத்திய ஒரு வார இதழ் 'தொலைந்த நண்பர்கள்' என்ற பகுதியில் இவற்றை ஆண்டுக்கணக்கில் வெளியிட்டது. வாசிக்கத் தெரியாதவர்களையும் எட்ட வேண்டும் என்பதற்காக, இந்த வேண்டுகோள்களைப் பிரசங்க மேடையில் நின்று உரக்க வாசிக்கும்படி போதகர்களை அந்த இதழ் கேட்டுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனைக்கு நடுவே, அந்தப் பெயர்களை அவர்கள் வாசித்தார்கள்.